எண்ணிக்கையும் வகைப்பாடும்: மலேசிய உயர்கல்விக் கொள்கையில் தரவுகளின் இடம் குறித்து ஒரு திறனாய்வு

உயர்கல்வி குறித்து வெளிவரும் அரசு ஆவணங்களில் 'சான்றுகளின் அடிப்படையிலான கொள்கை' என்னும் தொடர் இன்று தவறாமல் இடம்பெறுகின்றது. மனம்போன போக்கில் முடிவெடுப்பதைவிடத் தரவுகளைக் கண்டு முடிவெடுப்பது சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு கொள்வார் இலர். ஆயினும் அத்தொடரைக் கையாள்வோர் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகின்றனர். எண்ணுவதற்கு முன் நிகழும் வகைப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. யார் வெளிநாட்டவர், எது ஆய்வு, ஒருவர் எப்போது வேலை பெற்றவர் ஆகிறார் என்பன எல்லாம் எண் பிறப்பதற்கு முன்பே தீர்மானிக்கப்படுபவை. வகைப்பாடு பிழைபடுமாயின், எண்ணுவோர் எத்துணைக் கவனத்துடன் எண்ணினும் பயனில்லை. மலேசிய உயர்கல்வியில் இதற்குக் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளுள் இந்திய ஆய்வியலோடும் தமிழ்க் கல்வியோடும் நெருங்கிய தொடர்புடைய சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

89ஆம் இடம்

2004ஆம் ஆண்டு நவம்பரில், இலண்டனிலிருந்து வெளிவந்த டைம்ஸ் உயர்கல்வி இதழ், கியூ.எஸ். நிறுவனத்துடன் இணைந்து உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசையை முதன்முறையாக வெளியிட்டது. அதில் மலாயாப் பல்கலைக்கழகம் 89ஆம் இடத்தையும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 111ஆம் இடத்தையும் பெற்றன. உலகின் முதல் நூறு பல்கலைக்கழகங்களுள் ஒன்று என்று அறிவிக்கும் பதாகைகள் எழுந்தன. அடுத்த ஆண்டே மலாயாப் பல்கலைக்கழகம் 169ஆம் இடத்திற்கு இறங்கியது. அறிவியல் பல்கலைக்கழகம் முதல் இருநூறிலிருந்து வெளியேறியது. ஓராண்டுக்குள் எண்பது இடங்கள் சரிந்தது எவ்வாறு என்னும் வினா நாளேடுகளிலும் நாடாளுமன்றத்திலும் ஒலித்தது. அரச விசாரணை ஆணையம் அமைக்க வேண்டும் என்னும் கோரிக்கையும் எழுந்தது.

விடை எளியது. 2004ஆம் ஆண்டுக் கணக்கில் மலேசியச் சீனரும் மலேசிய இந்தியரும் வெளிநாட்டவராகச் சேர்க்கப்பட்டிருந்தனர். அத்தரவரிசையில் வெளிநாட்டு ஆசிரியர் விகிதத்திற்கு 5 விழுக்காடும் வெளிநாட்டு மாணவர் விகிதத்திற்கு 5 விழுக்காடும் மதிப்பளிக்கப்பட்டிருந்தன. பட்டியலின் நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்களுக்கிடையே உள்ள மதிப்பெண் வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே இப்பத்து விழுக்காடு ஒரு பல்கலைக்கழகத்தைப் பல படிகள் ஏற்றவோ இறக்கவோ வல்லது. 2005இல் பிழை திருத்தப்பட்டது. அதே ஆண்டில் கல்வியாளர் கருத்துக்கணிப்பின் மதிப்பு 50இலிருந்து 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, வேலையளிப்போர் கருத்துக்கு 10 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. பிழைத்திருத்தமும் அளவுகோல் மாற்றமும் ஒருசேர நிகழ்ந்தன. பல்கலைக்கழக வளாகத்திற்குள் எதுவும் எண்பது இடங்கள் அளவுக்குச் சரிந்துவிடவில்லை.

நம் நாட்டுப் படிவங்களை நிரப்பியோர் அறிவர்: இனம் என்பதற்கு ஒரு கட்டமும் குடியுரிமை என்பதற்கு வேறொரு கட்டமும் உண்டு. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டதன் விளைவே மேற்கூறிய பிழை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இவ்வாறு மயங்கியதை ஒருவாறு புரிந்துகொள்ளலாம். நாம் வினவ வேண்டியது வேறொன்று. பாராட்டு விழா எடுத்தோரும் அடுத்த ஆண்டு பழி தூற்றியோரும் அட்டவணையின் இறுதிப் பத்தியில் இருந்த இடத்தை மட்டும் நோக்கினர். அதற்கு முந்திய பத்திகளை வாசிக்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அத்துணை வெளிநாட்டு மாணவர் பயில்கின்றனரா என்று சிற்றுண்டிச்சாலையில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தவர்கூட ஐயுற்றிருப்பார்.

இதில் நம்மைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. இந்திய ஆய்வியல் துறையில் பயின்றோரும் பயிற்றுவித்தோரும் பெரும்பாலும் இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவ்வகைப்பாட்டின்படி அத்துறை பல்கலைக்கழகத்தின் மிகவும் 'பன்னாட்டுத் தன்மை' வாய்ந்த துறைகளுள் ஒன்றாகியிருக்கும். குடியுரிமைக்காகப் பல்லாண்டு காத்திருந்த தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் ஓர் அட்டவணையில் அயலாராக எழுதப்பட்டனர். அதன் பயனாகக் கிட்டிய இடத்தைப் பல்கலைக்கழகம் கொண்டாடியது. பிழை வெளிப்பட்டபோதும் எழுந்த கவலை இழந்த இடத்தைப் பற்றியதாகவே இருந்தது. வகைப்பாட்டின் பொருளைப் பற்றிய விவாதம் நிகழ்ந்திருப்பின், அது நம் உயர்கல்விக்கு 89ஆம் இடத்தைவிடப் பெரும்பயன் அளித்திருக்கும்.

தரவரிசை பற்றிய கவலை இதனோடு ஓயவில்லை. 2007இல் மலாயாப் பல்கலைக்கழகம் 246ஆம் இடத்திற்குச் சென்றபோது முதல் இருநூறில் மலேசியப் பல்கலைக்கழகம் எதுவும் இல்லாத நிலை ஏற்பட்டது. 2015இல் வெளியிடப்பெற்ற மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2015–2025 (உயர்கல்வி) கியூ.எஸ். தரவரிசையில் எத்தனை பல்கலைக்கழகங்கள் எவ்விடத்தை எட்ட வேண்டும் என்பதை நாட்டின் இலக்குகளுள் ஒன்றாகவே வகுத்தது. 2025ஆம் ஆண்டுப் பதிப்பில் மலாயாப் பல்கலைக்கழகம் 60ஆம் இடத்தில் இருந்தது. இதன் பின்னணியில் பலரின் உழைப்பு உண்டு. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால் 2004இன் 89ஐயும் 2025இன் 60ஐயும் ஒரே கோட்டின் இரு புள்ளிகளாக வரைந்து வளர்ச்சி காட்டுவது பொருந்தாது. 2004இல் கல்வியாளர் கருத்துக்கு 50 விழுக்காடு, ஆசிரியர்–மாணவர் விகிதத்திற்கு 20, மேற்கோள்களுக்கு 20. 2024ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் கல்வியாளர் கருத்துக்கு 30, வேலையளிப்போர் கருத்துக்கு 15, ஆசிரியர்–மாணவர் விகிதத்திற்கு 10 மட்டுமே. பன்னாட்டு ஆய்வு வலையமைப்பு, பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு, நிலைபேறு ஆகிய மூன்றும் தலா 5 விழுக்காட்டுடன் புதிதாக நுழைந்தன. படியின் அளவு மாறியபின் நெல் கூடியதா குறைந்ததா என்று கூறவியலாது.

தமிழில் எழுதப்பெறும் ஆய்வு

மேற்கோள்களுக்கு 20 விழுக்காடு என்றோம். மேற்கோள்களைத் திரட்டுவது 2004இல் தொடங்கப்பெற்ற ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்கள். இவற்றில் இடம்பெறும் இதழ்களுள் மிகப்பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். தமிழில் ஆய்வு வெளியிடும் இதழ்கள் அவற்றில் காண்பதற்கு அரியன. ஆகவே தமிழிலக்கணம் குறித்துத் தமிழில் எழுதி, தமிழாசிரியர்கள் வாசித்து, வகுப்பறையில் பயன்படுத்தும் ஒரு கட்டுரை, கணக்கில் சுழியமாகவே நிற்கும். அதே செய்தியை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினால் அது ஓர் அலகாகும். இது தரவின் குறை, எழுதியவரின் குறையன்று. எனினும் பதவி உயர்வுக் குழுவின் மேசையில் இவ்விரண்டும் பிரித்தறியப்படுவதில்லை.

இந்நிலையில் நம் துறையின் வரலாற்றையே சற்று எண்ணிப்பார்க்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றியபோது அங்குத் தமிழ் முதன்மை பெற வேண்டும் என்று போராடியவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ.சாரங்கபாணி. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் அவர் பொதுமக்களிடம் திரட்டிய நிதி துறையின் தமிழ் நூல்களுக்கு உதவியது. பின்னர் அத்துறையின் தலைமையை ஏற்ற தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது. தமிழாய்வைப் பன்னாட்டுத் துறையாக்கியதில் அம்மாநாட்டிற்கும் அதன் கட்டுரைத் தொகுதிகளுக்கும் உள்ள பங்கினை மறுப்பார் இலர். இன்றைய மதிப்பீட்டுப் படிவத்தில் மாநாட்டுத் தொகுதிக்குக் கிடைக்கும் புள்ளிகள் யாவை என்பதை விரிவுரையாளர்கள் அறிவர். அடிகளார் இன்று விண்ணப்பித்தால் எந்தத் தரநிலையில் அமர்த்தப்படுவார் என்று கணக்கிட்டுப் பார்ப்பது சுவையான பயிற்சியாக அமையும்.

வகைப்பாட்டுச் சிக்கல் பெயரளவிலும் உண்டு. தமிழர் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தந்தை பெயரே தலைப்பெழுத்தாகவோ, மலேசிய வழக்கில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் இணைப்புடன் பின்னொட்டாகவோ வருகின்றது. மேனாட்டு முறைப்படி இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் தரவுத்தளம் மகளின் ஆய்வைத் தந்தையின் பெயரில் பதிவு செய்கிறது. ஒருவரே மூன்று எழுத்துக்கூட்டல்களில் மூன்று ஆய்வாளராகப் பிரிகிறார். வாழ்நாளில் ஒரு கட்டுரையும் எழுதாத தந்தையர் பலர் ஸ்கோபஸில் ஆய்வாளராக விளங்குவது இவ்வாறுதான். பதிவுகளை ஒன்றிணைக்கக் கோரும் வசதி இருப்பினும் அதனைப் பயன்படுத்துவோர் நம்மிடையே குறைவு.

இதற்கு மாற்று இல்லையா என்றால் உண்டு. பிரிட்டனில் 2014ஆம் ஆண்டும் 2021ஆம் ஆண்டும் நடைபெற்ற ஆய்வு மதிப்பீட்டில் கலை, மானுடவியல் சார்ந்த குழுக்கள் மேற்கோள் எண்ணிக்கையைக் கையாளவில்லை. நூல்களையும் கட்டுரைகளையும் துறையறிஞர் வாசித்தே மதிப்பிட்டனர். அம்முறைக்கு ஆகும் செலவும் உழைப்பும் குறித்து அங்கே கடுமையான விமர்சனங்கள் உண்டு என்பதையும் மறைத்தல் கூடாது. 2015இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த லைடன் அறிக்கையின் பத்து நெறிகளுள் ஒன்று, வட்டார முக்கியத்துவமுடைய ஆய்வின் தரத்தைக் காக்க வேண்டும் என்பதாகும். அந்நெறியை வகுத்தோர் அளவீட்டுத் துறையினரே. அளவீட்டின் எதிரிகள் அல்லர். மலேசிய மேற்கோள் மையம் உள்நாட்டு இதழ்களைத் திரட்டத் தொடங்கியிருப்பது நல்ல தொடக்கம். அதில் தமிழ் எழுத்திலுள்ள கட்டுரைகள் முறையாகப் பதியப்பட வேண்டுமாயின், மேற்கோள் குறிப்புகளை ஒரே சீராக அமைக்கும் பழக்கத்தை நாமும் கைக்கொள்ளுதல் வேண்டும். நம் இதழ்கள் சிலவற்றில் வெளியான ஆண்டுகூட அட்டையில் ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் அச்சாகின்றது.

சேர்க்கைக் கணக்குகள்

நம் நாட்டு உயர்கல்விக் கொள்கையில் தரவுகள் மிகவும் வலிமையுடன் செயற்பட்ட தருணம் 1971 எனலாம். 1969ஆம் ஆண்டு மே கலவரத்திற்குப்பின் அமைக்கப்பெற்ற மஜிட் இஸ்மாயில் குழு, மலாயாப் பல்கலைக்கழகத்தில் புலம்வாரியாக மாணவர்களின் இன விகிதத்தை ஆராய்ந்தது. அறிவியல், பொறியியல் புலங்களில் மலாய் மாணவர் மிகக் குறைவாக இருப்பதைக் காட்டி, சேர்க்கை நாட்டின் இன விகிதத்தைப் பிரதிபலிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அக்கொள்கையின் விளைவுகள் பற்றி இரு கருத்துகள் இருக்கலாம். ஆயின் அதற்கு அடிப்படையான எண்கள் புலம்வாரியாக, வெளிப்படையாக முன்வைக்கப்பட்டன. பின்னாளில் நமக்குக் கிட்டும் இனவாரி எண்களோ பெரும்பாலும் நாடாளுமன்றக் கேள்விகளுக்கு அளிக்கப்படும் பதில்களில் சிதறிக் கிடக்கின்றன. கேட்பவரின் வினாவுக்கேற்ப விடையின் வடிவமும் மாறுவதால் ஓர் ஆண்டை மற்றோர் ஆண்டோடு ஒப்பிடுவது கடினம்.

2002இல் இன ஒதுக்கீட்டு முறைக்கு மாற்றாகத் தகுதி அடிப்படையிலான சேர்க்கை அறிவிக்கப்பட்டது. ஆனால் தகுதியை அளக்கும் தேர்வுகள் இரண்டு. ஒன்று எஸ்.டி.பி.எம்.; மலேசியத் தேர்வு வாரியம் நடத்துவது; 2012 முதல் மூன்று பருவங்களாக அமைந்தது. மற்றொன்று மெட்ரிகுலேஷன், கல்வி அமைச்சின் பிரிவு நடத்துவது, பெரும்பாலோர்க்கு ஓராண்டு. பாடத்திட்டம், கால அளவு, வினாத்தாள் அமைப்போர் ஆகிய அனைத்திலும் வேறுபட்ட இரு தேர்வுகளின் 4.00 புள்ளிகளை ஒரே தட்டில் வைத்து நிறுத்துவதைத் தகுதி அடிப்படை என்று கூறுவதற்குமுன், இரண்டும் ஒரே எடையுடையன என்பதற்குச் சான்று வேண்டும். இரு வழிகளிலும் நுழைந்த மாணவர்கள் அதே பாடத்தில் முதலாண்டிலும் இறுதியாண்டிலும் எவ்வாறு தேறினர் என்று ஒப்பிட்டால் பெருமளவு விடை கிடைக்கும். அத்தரவு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பதிவகத்திலும் உள்ளது. புதிதாக ஒரு கருத்துக்கணிப்பும் தேவையில்லை.

மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்க்கான இடங்கள் 2012இல் 1,500 எனவும் 2018இல் 2,200 எனவும் அறிவிக்கப்பட்டன. அறிவிப்புகளைத் தொடர்ந்து ஆண்டுதோறும் எழுந்த வாதங்களைக் கவனித்தோர் ஒன்றை உணர்வர்: ஒருவர் வழங்கப்பட்ட இடங்களைக் கூறினார், மற்றவர் ஏற்கப்பட்ட இடங்களைக் கூறினார், இன்னொருவர் கல்லூரியில் பதிந்துகொண்டோரைக் கூறினார். மூவரும் தத்தம் எண்ணில் உண்மையே பேசினர். முடித்து வெளியேறியோர், அவர்களுள் தாம் விரும்பிய பட்டப்படிப்பில் சேர்ந்தோர் என்னும் இரு எண்களை எவரும் கேட்கவில்லை. கொள்கையின் பயனை அறிய உதவுவன அவையே. 2019 ஏப்ரலில் அமைச்சரவை மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தி 90க்கு 10 என்னும் விகிதத்தை நிலைநிறுத்தியது. 2024இல் எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் பெற்றோர்க்கு இன வேறுபாடின்றி இடம் உறுதி செய்யப்படும் எனப் பிரதமர் அறிவித்தார். வரவேற்கத்தக்க இம்முடிவின் விளைவையும் 'வழங்கப்பட்டவை' என்னும் ஒற்றைப் பத்தியால் அளந்தோமெனில் பழைய வாதமே தொடரும்.

தமிழாசிரியர்கள் சிந்திக்க வேண்டிய மற்றொரு கோணமும் இதில் உண்டு. எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழ் ஒரு பாடம். மெட்ரிகுலேஷனில் தமிழ் இல்லை. அது அறிவியல், கணக்கியல், பொறியியல் பிரிவுகளுக்காக அமைந்தது. இந்திய மாணவர் மெட்ரிகுலேஷனில் மிகுதியாகச் சேர்வதைச் சமூகத்தின் வெற்றியாக நாம் எண்ணுகிறோம். தனிப்பட்ட மாணவனின் நோக்கில் அது வெற்றியே. ஆனால் அதே எண், ஆறாம் படிவத்தில் தமிழ் பயின்றிருக்கக்கூடிய மாணவர் குறைவதையும் தன்னுள் மறைத்து வைத்திருக்கக்கூடும். பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பிரிவுகளுக்கு மாணவர் வந்து சேரும் வழிகளுள் ஆறாம் படிவம் முதன்மையானது. ஒரு கொள்கையின் வெற்றி எண் மற்றொன்றின் தேய்வு எண்ணாக அமைவதைத் தனித்தனி அட்டவணைகள் காட்டா. பத்தாண்டுகளுக்குப்பின் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பிரிவுக்குப் போதிய மாணவர் இல்லை என்று கூறப்படுமாயின், அன்று காட்டப்படும் 'சான்று' அப்பிரிவின் சேர்க்கை எண்ணாக மட்டுமே இருக்கும். அதன் காரணத்தை உரைக்கவல்ல எண்ணை இன்றே திரட்டிவைத்தால்தான் அன்று எதிர்வாதம் செய்ய இயலும்.

'இந்தியர்' என்னும் வகையும் ஆராயத்தக்கது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டுக் குடிமக்களுள் இந்தியர் ஏறத்தாழ 6.7 விழுக்காட்டினர். தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் புகுமுக வகுப்பின் வழி இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவரும், நகரத்துத் தேசியப்பள்ளியில் பயின்ற மருத்துவரின் மகனும் இவ்வொரே வகைக்குள் அடங்குகின்றனர். மொத்த விகிதம் நிறைவளித்தாலும் முதல் பிரிவினர் நுழையாதிருக்கக்கூடும். பட்டதாரிகளை அவர்கள் பட்டமளிப்பு விழாவிற்கு வரும் காலத்தில் வினவும் அமைச்சின் பட்டதாரிகள் கண்காணிப்பு ஆய்விலும் இதே குறை உண்டு: வேலை உண்டா என்பதை அது நன்கு காட்டுகிறது, அவ்வேலை கற்ற கல்விக்கு ஏற்றதா என்பதற்குப் படிப்பு முடித்த சில திங்களில் கிடைக்கும் விடை போதாது. தமிழில் பட்டம் பெற்று ஆசிரியர் நியமனத்திற்காகக் காத்திருப்போர் அக்காலத்தில் கடையில் பணியாற்றினால் 'வேலையில் உள்ளோர்' ஆகின்றனர்.

பிரிட்டனில் 1993இல் தொடங்கப்பெற்ற உயர்கல்விப் புள்ளிவிவர முகமை (2022 முதல் ஜிஸ்க் அமைப்பின் பகுதி) மாணவர் பின்புலத்தையும் தேர்ச்சியையும் ஆண்டுதோறும் வெளியிடுகின்றது. அதனுடன் ஒவ்வொரு வகைக்குமான வரையறையையும் வெளியிடுகின்றது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அங்கே இன வேறுபாடுகள் தீர்ந்துவிடவில்லை. ஆனால் எண் சரியா என்று வாதிடுவதில் காலம் கழிவதில்லை. இத்தகைய வெளிப்படைத்தன்மையை இங்கும் கோர வேண்டும். இனவாரி எண்கள் உணர்ச்சியைத் தூண்டும் என்பது வழக்கமாகக் கூறப்படும் மறுப்பு. அரைகுறையாகக் கசியும் எண்களே உணர்ச்சியை மிகுதியாகத் தூண்டுகின்றன என்பது 2012 முதல் நாம் கண்டுவரும் அனுபவம்.

அரசு வெளியிடும்வரை நாம் கைகட்டி இருக்கத் தேவையில்லை. ஆறாம் படிவத்தில் தமிழ் எடுத்தோர் எத்தனை பேர், எடுக்க விரும்பியும் ஆசிரியரோ போதிய மாணவரோ இன்மையால் எடுக்கவியலாதோர் எத்தனை பேர், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தோர் அவர்களுள் எத்தனை பேர் என்னும் மூன்று எண்களும் பள்ளித் தமிழாசிரியரிடம் ஏற்கெனவே உள்ளன. துறைகளிடமோ சேர்ந்த மாணவரின் முன்கல்வி விவரம் உள்ளது. இவ்விரண்டையும் மாணவர் பெயரின்றி, ஆண்டுவாரியாக ஒரே படிவத்தில் இணைப்பதற்குப் பெருநிதி தேவையில்லை. மலாயாப் பல்கலைக்கழகம், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் தமிழ்ப் பிரிவுகளும் ஆறாம் படிவத் தமிழாசிரியர்களும் அடுத்த சேர்க்கைக் காலத்திற்குமுன் கூடி, அப்படிவத்தின் பத்திகளையும் ஒவ்வொரு பத்திக்குமான வரையறையையும் முடிவு செய்யலாம். வரையறையை முதலில் எழுதிவிட்டு எண்களைப் பின்னர் நிரப்புதல் நன்று.